கருவும் பொறுப்பும்: ஒரு மறுநோக்கு

கருவழித்தலைப் பாதகமென வகுத்துரைக்கும் பழந்தமிழ்ச் சான்றுகளுள் முதன்மையானது புறநானூற்றின் 34ஆம் செய்யுளாகும். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடியது அது. பசுவின் மடியை அறுத்தவர், மகளிரின் கருவைச் சிதைத்தவர், பார்ப்பாருக்குத் (பாடவேறுபாட்டின்படி குரவருக்குத்) தீங்கிழைத்தவர் ஆகியோர்க்கெல்லாம் கழுவாய் உண்டு. ஒருவர் செய்த நன்றியைக் கொன்றவர்க்கு மாத்திரம் உய்தி இல்லை என அறநூல் கூறுவதாகப் புலவர் மொழிகின்றார். திருக்குறளின் 110ஆம் பாவுக்கு உரை வகுத்த பரிமேலழகரும் இதே பாதகங்களையே எடுத்தாளுகின்றார். இச்செய்யுளை நாம் செய்ந்நன்றியறிதலின் சிறப்புக்காகவே பயின்று வந்துள்ளோம். பரீட்சையில் வரும் வினாவும் அதுபற்றியதே. அதனாற்போலும், நடுவே நிற்கும் கருச்சிதைவு பற்றிய தொடர் திறனாய்வாளர் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை.

அத்தொடரின் அமைப்பு நுணுகி நோக்கற்பாலது. சிதைதல் தன்வினை, சிதைத்தல் பிறவினை. இங்குச் சிதைப்பவர் ஒருவர், சிதைக்கப்படும் கருவுக்கு உரியவள் வேறொருத்தி. பரிமேலழகர் இதனை மகளிரது கருவினைச் சிதைத்தல் என்றே விரித்துள்ளமையால் வேறு பொருள் கொள்ள இடமில்லை. பசு தன் மடியைத் தானே அறுத்துக்கொள்வதில்லை. அப்பட்டியலில் பசுவும் பார்ப்பாரும் எவ்வாறு தீங்குக்கு ஆளானவர்களாக நிற்கின்றனரோ, அவ்வாறே கருவுற்ற மகளும் தீங்குக்கு ஆளானவளாக நிற்கின்றாள். குற்றவாளி அவளல்லள். அதேவேளை, இதனைக் கொண்டு சங்ககாலச் சமூகம் பெண்ணுக்குத் தன் உடல்மீது உரிமை வழங்கிற்று என முடிபு கூறுவோமாயின் அது வரலாற்றுணர்வற்ற முடிபாகும். பசுவோடு சேர்த்து எண்ணப்படுபவள் காக்கப்பட வேண்டியவளே தவிர உரிமையுடையவள் என எண்ணப்பட்டவள் அல்லள். கருவுற்றவள் தானே தன் கருவைக் கலைக்க விரும்பினால் என்ன நேரும் என்ற வினா அச்செய்யுளின் எல்லைக்குள் எழவேயில்லை.

அவ்வினா இலங்கையில் சட்ட வடிவில் எழுந்தது 1883ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையை அடியொற்றி ஆக்கப்பட்டது. அதன் 303ஆம் பிரிவு, கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவை விளைவிப்பவரைத் தண்டிக்கின்றது. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்தாலன்றி மூன்றாண்டுவரை சிறை. வயிற்றில் சிசுவின் அசைவு தெரிந்தபின் எனின் ஏழாண்டுவரை. இதுவரை பிரிவின் வாக்கிய அமைப்பு ஆலத்தூர் கிழாரின் தொடரை ஒத்ததே: செய்பவர் ஒருவர், செய்யப்படுபவள் வேறொருத்தி. ஆனால் பிரிவைத் தொடர்ந்து ஒரு சிறு விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது. தனக்குத் தானே கருச்சிதைவை விளைவித்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவின் பொருளுக்குள் அடங்குவாள் என்பது அது. ஏறத்தாழ ஒரேயொரு வாக்கியத்தில், தீங்குக்கு ஆளானவளாக நின்றவள் தீங்கிழைத்தவளாக மாற்றப்பட்டாள். இச்சட்டத்தின் மூலமாகிய இங்கிலாந்து 1967இல் தன் நிலையைப் பெரிதும் தளர்த்திவிட்டது. இந்தியா 1971இல் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றியது. இலங்கையின் 303ஆம் பிரிவு இன்றும் அவ்வாறே உள்ளது.

இப்பிரிவைப் பேண வேண்டும் என்போர் முன்வைக்கும் வாதங்களுள் இருவகை உண்டு. ஒன்று சமயம் சார்ந்தது. உயிரின் தொடக்கம் பற்றியது. மற்றையது தனிமனிதப் பொறுப்பு என்ற கருத்தைச் சார்ந்தது. விளைவை அறிந்தே ஒரு செயலில் ஈடுபட்டவர் விளைவை ஏற்க வேண்டும். ஏற்க மறுத்து அதனை அழிப்பது பொறுப்பின்மை என்பது அதன் சாரம். மாணவரிடையேயும் விரிவுரையாளரிடையேயும் இவ்விடயம் உரையாடப்படும்போது, சமய நம்பிக்கையற்றவர்கள்கூட இந்த இரண்டாம் வாதத்துக்கு எளிதில் இணங்கிவிடுவதை அவதானிக்க முடிகின்றது. அது பகுத்தறிவின் குரலைப் போன்று ஒலிப்பதே காரணம். எனவே இக்கட்டுரை அதனையே முதன்மையாக ஆராய்கின்றது.

சமய வாதத்தைப் புறக்கணித்தல் ஆகாது என்பதையும் இங்கேயே கூறிவிட வேண்டும். பௌத்த விநய நூலின் மூன்றாம் பாராஜிகம் மனித உயிரைத் தாயின் வயிற்றில் உணர்வு தோன்றும் கணத்திலிருந்தே கணக்கிடுகின்றது. கருவழிக்க மருந்து கொடுத்த பிக்கு சங்கத்திலிருந்து நீங்கியவனாகின்றான். வடமொழி அறநூல்கள் கருவழித்தலைப் பெரும் பாதகங்களுள் வைத்துள்ளன. கத்தோலிக்க திருச்சபையின் நிலைப்பாடு யாவரும் அறிந்தது. கரு என்பது ஒரு கட்டியோ கழிவோ அன்று. அதனை நீக்குதல் அறவியல் முறையில் எடையற்ற செயலும் அன்று. பெண்ணுரிமை பேசும் எழுத்துக்கள் சில இந்த எடையை மறுப்பதன் மூலமே தம் கட்சியை நிறுவ முயல்கின்றன. அது தேவையற்றது, உண்மையுமன்று. கருவைக் கலைத்த பெண்களுள் அதனை எடையற்றதாகக் கொண்டவர் அரியர் என்றே கூற வேண்டும். வினா, அந்த எடையைத் தூக்கித் தீர்மானிக்க வேண்டியவர் யார் என்பதே.

பொறுப்பு வாதத்தைத் தமிழிலக்கியம் நெடுங்காலத்துக்கு முன்னரே எதிர்கொண்டுள்ளது. மணிமேகலையின் பதின்மூன்றாம் காதையாகிய ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை அதற்குச் சான்று. வாரணாசியில் வேதம் ஓதுவிக்கும் அபஞ்சிகன் என்பானின் மனைவி சாலி, கற்பொழுக்கம் தவறிக் கருவுற்றாள். தண்டனைக்கு அஞ்சிக் குமரியாடப் புறப்பட்டாள். வழியில் இருளில் பிள்ளையை ஈன்று, ஆளரவமற்ற தோட்டமொன்றில் இட்டு நீங்கினாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிற்று. வயனங்கோட்டு இளம்பூதி என்பான் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தான். பின்னர் வேள்விப் பசுவை விடுவித்த குற்றத்துக்காக ஊரவர் ஆபுத்திரனைப் பழித்தபோது அவன் பிறப்புப் பற்றிய செய்தி வெளிப்படுகின்றது.

இக்கதையில் பெயர் பெற்றவர்கள் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் பயனுடையது. மனைவிக்குப் பெயர் உண்டு, கணவனுக்கு உண்டு, எடுத்து வளர்த்தவனுக்கு உண்டு. பால் கொடுத்த பசுவும் கதையில் இடம்பெறுகின்றது. பிள்ளையைப் பிறப்பித்த ஆடவன் மாத்திரம் எங்குமில்லை. அவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, குற்றமுமில்லை. வழிநடையில் சந்தித்த ஒருவரிடம் சாலி தன் கதையைத் தானே கூறி, தீவினையாட்டியாகிய தனக்குச் செல்கதி உண்டோ என அழுது கேட்கின்றாள். இவ்வாறு கேட்பவளைப் பொறுப்பற்றவள் என்று எந்த வாசகனும் கூற முடியாது. பொறுப்பு முழுவதையும் தன்னந்தனியே சுமந்தவள் அவள். சுமையைப் பகிர வேண்டியவன் கதைக்கு வெளியே நிற்கின்றான். ஊரவரின் பழிக்கு ஆபுத்திரன் அளிக்கும் விடையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அந்தணர் போற்றும் முனிவர் இருவர் தெய்வக் கணிகையின் புதல்வர்களாயிருக்கச் சாலியிடம் மட்டும் தவறு காண்பது எங்ஙனம் என அவன் நகைத்து வினவுகின்றான். அன்னை தன்னைக் கைவிட்டவள் என்பதறிந்தும் மகன் அவளுக்காக வழக்குரைக்கின்றான். சாத்தனாரின் அறவுணர்வு இவ்விடத்தில் அவர் காலத்தைக் கடந்து நிற்கின்றது என்பது என் கருத்து.

கைவிடப்பட்ட அக்குழந்தையே பின்னர் அமுதசுரபி பெற்றுப் பசிப்பிணி தீர்த்தது. ஆகவே எக்கருவையும் அழிக்கலாகாது என்பதற்கு இக்கதையே சான்று எனச் சிலர் கூறுவதுண்டு. கதையின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குச் செல்லும் வாதம் அது. சாலிக்கு அந்த முடிவு தெரியாது. அறத்தீர்மானம் எடுக்க வேண்டியவர் எவர்க்கும் தெரியாது.

நவீன மெய்யியலில் இவ்வாதம் பெற்ற வடிவங்களுள் புகழ்பெற்றது, அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தொம்சன் 1971இல் வெளியிட்ட கட்டுரையாகும். கரு ஒரு முழு மனிதனே என்று ஒப்புக்கொண்டாலும், ஒருவரின் உடலைப் பயன்படுத்தும் உரிமை மற்றொருவருக்குத் தானாகவே வந்துவிடாது என்பது அவர் நிலைப்பாடு. பொறுப்பு வாதத்துக்கு விடையாக அவர் ஒரு வீட்டை உவமிக்கின்றார். காற்றுக்காகச் சாளரத்தைத் திறந்து வைத்ததனால் உட்புகும் கள்வனுக்கு அவ்வீட்டில் தங்கும் உரிமை கிடைத்துவிடுமா என்பது அவர் வினா. காற்றில் மிதந்து வரும் மனித விதைகள் புகாதவாறு சாளரங்களுக்கு வலை அடித்தும் ஒரு விதை புகுந்துவிட்டால் என்ன செய்வது என மேலும் வினவுகின்றார். கூர்மையான தருக்கம்தான். ஆயினும் அதன் பின்னணியில் ஒரு குறிப்பிட்ட சமூகம் உள்ளது. தனக்கென வீடு, தான் திறக்கவும் மூடவும் கூடிய கதவு, விலைக்கு வாங்கிப் பொருத்தக்கூடிய வலை ஆகியன உள்ள ஒருத்தியே அவ்வுவமையின் நாயகி. தொம்சனும் அவரை மறுத்தோரும் இதனை ஒரு பொருட்டாகக் கருதவில்லை.

அவ்வுவமையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தால் அது எங்கே தடுமாறுகின்றது என்பது புலனாகும். மாத்தளைக்கு வடக்கே தம்புள்ளை வீதியில் நாலந்தா அமைந்துள்ளது. அங்குள்ள கெடிகே, திராவிடக் கட்டடக்கலை மரபில் எழுந்த கற்றளியாயினும் பௌத்த வழிபாட்டுடன் தொடர்புற்றது. போவதென்ன நீர்த்தேக்கத்துள் அமிழாதபடி அது கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு உயர்ந்த இடத்தில் மீளக் கட்டப்பட்டது. ஆய்வாளர் அதனைக் காணச் செல்வர். அதே வீதிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர் காடுகளினூடே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு நடந்த வழி அது. வழியிலேயே மடிந்தவர் பலர். கோப்பிக்குப் பின் தேயிலை வந்தபோது பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. குடும்பங்கள் நிலையாகக் குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்கென அமைந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பிரா. பெற்றோரும் பிள்ளைகளும், பல வேளைகளில் மணமான மகனும் மருமகளும் ஒரே அறையில் வாழ்ந்த அவ்விடத்தில் தொம்சனின் சாளரத்துக்கு இடமேது?

ஒரு பெண் விரும்பி ஈடுபட்டாள், ஆகவே விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கூற்றின் அடித்தளம் விருப்பம் என்பதாகும். மறுக்க இயலாதவிடத்து விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. இலங்கைச் சட்டம் இவ்விடத்தில் தன்னைத்தானே முரண்படுத்திக்கொள்கின்றது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வல்லுறவு பற்றிய 363ஆம் பிரிவைச் சீர்செய்தது. எனினும், நீதிமன்றத் தீர்ப்பினால் பிரிந்து வாழ்ந்தாலன்றி, கணவன் மனைவியை வலிந்து புணர்வது வல்லுறவாகாது என்ற நிலை அதன்பின்னும் தொடர்ந்தது. வேண்டாம் எனக் கூறும் மனைவியின் சொல்லுக்குச் சட்டம் மதிப்பளிக்கவில்லை. அச்சொல் மதிக்கப்படாததன் விளைவை அவள் கலைக்க முனைந்தால் அதே சட்டக்கோவை அவளைச் சிறைக்கு அனுப்பும். இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பவர்க்குப் பொறுப்பு வாதத்தின் நேர்மை பற்றி ஐயம் எழாதிருக்க முடியாது.

இதே மறுப்புரிமை பற்றி 1935ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவில் ஓர் உரையாடல் நிகழ்ந்தது. கருத்தடை இயக்கத்தின் முன்னோடியான மார்கரெட் சாங்கர் காந்தியடிகளைச் சந்தித்தார். செயற்கைக் கருத்தடையை ஏற்காத காந்தியடிகள், கணவனை மறுக்கும் உரிமையைப் பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அறநிலையில் அது உயர்ந்த கூற்றே. ஆண்களிடத்தும் அடக்கத்தை வேண்டிய கூற்று என்பதையும் மறத்தலாகாது. ஆயின் மறுத்தபின் அடி வாங்கப் போகிறவள் யார் என்பதற்கு அதில் விடையில்லை. ஈ.வெ.ரா. பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது வேறொரு திசையில் சென்றார். பிறர் உடல்நலம், வறுமை, குடும்பச் சொத்து முதலிய காரணங்களுக்காகக் கர்ப்பத்தடையை ஆதரிக்கின்றனர் என்றும், தாம் ஆதரிப்பது பெண்களின் விடுதலைக்காகவே என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். அவருடைய மிகைக் கூற்றுக்களோடு உடன்படாதவரும் இந்த வேறுபாட்டின் நுட்பத்தை ஏற்றாக வேண்டும். கருத்தடையை ஒருவர் எக்காரணத்துக்காக ஆதரிக்கிறார் என்பதே, பெண்ணை அவர் எவ்வாறு காண்கிறார் என்பதைக் காட்டிவிடும்.

நமது பெருந்தோட்டங்களின் வரலாறு இதற்கு உரைகல்லாகும். 1980களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோர்க்கு அரசு பணம் வழங்கியது. நாட்கூலியில் வாழும் ஒரு பெண்ணுக்கு அத்தொகை சிறிதன்று. பெருந்தோட்டத்துறையில் பெண்கள் நிரந்தர முறையைச் சார்ந்திருந்த விகிதம் நகரத்தையும் கிராமத்தையும் விட உயர்ந்திருந்ததை மக்கட்டொகை, சுகாதார அளவீடுகள் காட்டின. 1948இல் குடியுரிமை இழந்த சமூகம் அது என்பதையும் சேர்த்து நோக்குவோர், அங்கு வழங்கப்பட்ட சம்மதத்தின் தன்மையை ஐயுற்றதில் வியப்பில்லை. விரும்பிச் செய்துகொண்டவர்களும் இருந்தனர். அவர்கள் அடைந்த ஆறுதலை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் அடிப்படை முரண் தெளிவானது. இனி ஒருபோதும் கருவுறேன் எனத் தீர்மானிக்கும் அறிவும் முதிர்ச்சியும் அவளுக்கு உண்டென்று அரசு நம்பியது. நம்பியதோடமையாது பணமும் கொடுத்தது. இந்த ஒரு கருவை இப்போது சுமக்க இயலாது எனத் தீர்மானிக்கும் முதிர்ச்சி அவளுக்கு உண்டென்று மாத்திரம் அது நம்பவில்லை.

சுமக்குமாறு கட்டளையிட்ட சட்டம், சுமந்தவளுக்கு என் செய்தது? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், முதல் இரு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வார விடுமுறையும் மூன்றாம் பிள்ளை முதல் ஆறு வாரமுமே வழங்கப்பட்டு வந்தது. இந்த வேறுபாடு 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே நீக்கப்பட்டது. அதாவது நெடுங்காலம் மூன்றாம் கருவைக் கலைத்தால் குற்றம். பெற்றால் பாதி ஓய்வு. ஆறு வாரத்தில் பச்சைக் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கூடையுடன் மலையேறியவளை நோக்கிப் பொறுப்பு என்ற சொல்லை உச்சரிக்கச் சட்டத்துக்கு என்ன தகுதி இருந்தது?

உரிமை வழங்கிய இந்தியாவின் அனுபவமும் எளிமையானதன்று. 1971ஆம் ஆண்டுச் சட்டம், கருத்தடைச் சாதனம் பயனற்றுப்போனதால் உண்டான கருவைக் கலைக்க இடமளித்தபோது, அதனை மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் உரியதாகவே எழுதிற்று. மணமாகாதவள் கருத்தடை செய்யினும் அவள் கவனம் பொறுப்பாகக் கொள்ளப்படவில்லை. அத்தொடர் 2021இல் மாற்றப்பட்டது. மணமான பெண், மணமாகாத பெண் என வேற்றுமை பாராட்டலாகாது என இந்திய உச்சநீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. மறுபுறம், வயிற்றில் வளர்வது பெண் என்றறிந்து கலைக்கும் கொடுமை பரவியதால், பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் தேவைப்பட்டது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் 1980களில் வெளிவந்தன. தமிழ்நாட்டரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. சாலி இருளில் இட்டுச் சென்ற குழந்தைக்கு அரசு ஒரு தொட்டில் வைத்தது எனலாம். கருக்கலைப்பு உரிமையை எதிர்ப்போர் இவற்றைச் சுட்டுவது நியாயமே. ஆனால் சீதனத்துக்கும் மாமியாருக்கும் அஞ்சிப் பெண்கருவைக் கலைப்பவள் தன் உரிமையைப் பயன்படுத்துபவளா, மறுக்க இயலாத மற்றொரு கட்டளைக்குப் பணிபவளா? பெறு எனக் கட்டாயப்படுத்துவதும் கலை எனக் கட்டாயப்படுத்துவதும் ஒரே இடத்திலிருந்தே பிறக்கின்றன. பெண்சிசுக் கொலைக்கு எதிரான வாதம் உண்மையில் பெண்ணின் தீர்மான உரிமைக்குச் சார்பான வாதமேயாகும்.

இலங்கையில் சட்டத்தைத் தளர்த்த முயற்சிகள் நடைபெறாமலில்லை. 1995இல் வல்லுறவு, முறைதகாப் புணர்ச்சி, கருவின் கடும் குறைபாடு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் முன்மொழிவு பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. அதே ஆண்டுத் திருத்தம் முறைதகாப் புணர்ச்சியைத் தனிக் குற்றமாக்கிற்று. அக்குற்றத்தினால் கருவுற்ற சிறுமி அதனைச் சுமந்தே தீரவேண்டும் என்பதை மாற்றவில்லை. 2017இல் நீதியரசர் புவனேக அலுவிகாரே தலைமையிலான குழுவின் பரிந்துரையையொட்டி அமைச்சரவை மீண்டும் இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. கத்தோலிக்க ஆயர்களிடமிருந்தும் பிற சமயத் தரப்பினரிடமிருந்தும் எழுந்த எதிர்ப்பின்பின் அதுவும் சட்டமாகவில்லை.

இவ்விரு முயற்சிகளையும் ஆதரித்தவர்களும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர் என்றே தோன்றுகின்றது. வல்லுறவுக்கு ஆளானவளுக்கு விலக்களிப்போம் என்ற கோரிக்கை, அவள் விரும்பி ஈடுபடவில்லை, ஆதலால் அவள்மேல் பொறுப்பில்லை என்ற தருக்கத்தின் மேலேயே நிற்கின்றது. அதாவது பொறுப்பு வாதத்தை அது மறுக்கவில்லை. அதற்குள் நின்றே இரக்கம் கேட்கின்றது. குற்றமற்றவள் என நிறுவக்கூடியவளுக்கு ஒரு வாயில் திறக்கும். ஏனையோர்க்குச் சாத்தியே இருக்கும். நான்காம் கருவோடு மாத்தளை வைத்தியசாலைக்கு வந்து நிற்கும் தோட்டத் தொழிலாளி ஒருத்தி அவ்விலக்குகள் எதிலும் அடங்கமாட்டாள். அவளைக் கருவுறச் செய்தவன் அவள் கணவன்; அவன் செய்தது சட்டப்படி குற்றமன்று. குறைபாடற்ற கரு, உயிருக்கு உடனடி ஆபத்துமில்லை. 1995ஆம் ஆண்டின் முன்மொழிவும் 2017ஆம் ஆண்டின் முன்மொழிவும் நிறைவேறியிருப்பினும், 303ஆம் பிரிவின் கீழுள்ள அச்சிறு விளக்கம் அவளைப் பொறுத்தவரை ஓர் எழுத்தும் மாறாமல் அங்கேயே நின்றிருக்கும்.